டொராண்டோ முதல் சென்னை வரை பதினாறு மணி நேரம்

அம்மா போனது வியாழக்கிழமை விடியற்காலையில். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், என் தம்பி, டொராண்டோவில் இருந்தான்.

முன்னால் நின்று எல்லாம் பார்த்தவர் எங்கள் தாய்மாமன். நாமக்கல்லுக்கும் குஜராத்துக்கும் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று செல்போனில் தேடினார். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று வந்தது. சென்னையிலிருந்து எங்கள் ஊர் ராசிபுரத்துக்குக் காரில் ஆறு மணி நேரம் சேர்த்துக்கொண்டார். போதாக்குறைக்கு அரை நாள் தாராளமாக விட்டார்.

"நேரா வர்ற ஃப்ளைட்டு இல்லீங்க மாமா. நடுவுல எறங்கி மாறோணும்" என்றேன்.

"ரெண்டு டிரைவர் மாத்தி மாத்தி ஓட்டுனா லாரியே நிக்காமப் போவுது. ஏரோப்ளேன் எதுக்குச் சாமி நிக்கப்போவுது?"

அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவர் உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

டிக்கெட் கிடைத்ததும் தம்பி கூப்பிட்டான். இரண்டு இடத்தில் மாற வேண்டுமாம். "ஊட்டுக்கு வந்து சேர சனிக்கெழம மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் அம்மாவ வெச்சிருங்கக்கா" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

யாருடைய வாக்கை யார் கேட்டார்கள்? சனிப் பிணம் தனிப் போகாது என்றார்கள் பங்காளிகள். கூட இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம்.

"அப்படின்னா பாடையில ஒரு கோழியக் கட்டியுடுங்க. ஊரெல்லாம் கோழிப் பண்ணை, கோழிக்கா பஞ்சம்?" என்று கத்தினேன்.

மாமா ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா சொன்னதுதான் சாமி. கேட்டுட்டு அத்தன சனமும் வந்து உக்காந்திருக்குது" என்றார். சொல்லும்போதே அவருக்கும் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். அந்த நேரத்தில் தம்பி எந்தக் கடலுக்கு மேலே இருந்தானோ, தெரியாது. அவன் போன் அணைந்து கிடந்தது.

மறுநாள் சென்னையில் இறங்கியதும் கூப்பிட்டான். நான்தான் சொன்னேன். ஆறு மணி நேரத்தில் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. வீட்டுக்குள் வராமல் நேரே சுடுகாட்டுக்குப் போகச் சொன்னான். பெண்கள் அங்கே போகக் கூடாது என்றார்கள். போனேன்.

அவன் குனிந்து சாம்பலில் உள்ளங்கையை வைத்தான்.

"இன்னும் சூடு இருக்குதுக்கா" என்றான்.

பிறகு நான் எவ்வளவு இழுத்தும் கையை எடுக்கவில்லை.