இரட்டையர் பேசிய பாஷை

என் இரட்டைப் பெண்களுக்கு இரண்டரை வயது முடிந்தபோது தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதற்காக அவர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை பேசினார்கள். ஒருத்தி நீளமாக ஏதோ சொல்வாள். மற்றவள் கொஞ்சம் யோசித்து இரண்டே எழுத்தில் பதில் சொல்வாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெற்றவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்காது.

அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், காலை ஷிப்ட். நான் ஒரு மாலை நேரக் கல்லூரியில் நூலகர். மதியம் இரண்டு மணிவரை பிள்ளைகள் என் பொறுப்பு. கீழே வீட்டுக்காரம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள். முஸ்லிம் குடும்பம். அந்தம்மா முன்னறையில் பிளவுஸ் தைப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"வசம்பைச் சுட்டு, தேன்ல உரைச்சு நாக்குல தடவிப் பாருங்கண்ணே. எங்க பெரியவனுக்கு அப்படித்தான் பேச்சு வந்துச்சு" என்றார்.

தடவினோம். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதைப் பற்றித் தங்கள் பாஷையில் வெகுநேரம் விவாதித்தார்கள்.

காது டெஸ்ட் எடுத்தோம். ஒரு குறையும் இல்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண் அரை மணி நேரம் அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இரட்டைப் பிள்ளைங்க சில பேரு இப்படித்தான் சார்" என்றார். "ஒருத்தி சொல்றது இன்னொருத்திக்குப் புரிஞ்சிடுது. உங்ககிட்ட பேசணும்னு அவங்களுக்கு அவசியமே வரல. பகல்ல கொஞ்ச நேரம் தனித்தனியா வச்சுப் பாருங்க."

எங்களுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக நான், மனிதன் எப்படிப் பேச ஆரம்பித்தான் என்று நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். காதில் விழுந்த சத்தத்தைத் திருப்பிச் சொன்னதில்தான் முதல் வார்த்தை பிறந்தது என்கிறார் ஒருவர். வலியிலும் வியப்பிலும் தானாக வந்த ஒலி என்கிறார் இன்னொருவர். பாரம் இழுக்கும்போது சேர்ந்து போட்ட சத்தம் என்கிறார் வேறொருவர். அந்த நாளில் பக்கத்தில் நின்று கேட்டவர் யாருமில்லை என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. என் வீட்டுக் கூடத்திலேயே ஒரு பாஷை பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் வாரத்தில் மூன்று வார்த்தைகள் பிடிபட்டன. 'பிஸ்ஸு' என்றால் சோறு, குக்கர் விசிலிலிருந்து வந்தது. 'தச்சு' என்பது நான்தான். நூலகத் தூசியால் எனக்கு ஓயாத தும்மல். இதைச் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத்தினி நாளா உங்களுக்குப் பேரு வச்சிருக்குதுங்க. நமக்குத்தான் தெரியல" என்றாள்.

மூன்றாவது வார்த்தை 'டும்பு'. அது எந்தப் புத்தகத்துக்கும் அடங்கவில்லை. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டால் டும்பு. பொம்மை பீரோவுக்குள் போனால் டும்பு. போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாலும் டும்பு. ஒன்றின் அடியிலோ உள்ளேயோ போய்க் கண்ணில் படாமல் இருப்பது. அதைச் சொல்ல எனக்கு ஒரு முழு வாக்கியம் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் பிள்ளைச்சாவடி கடற்கரைக்குப் போனோம். மனைவி சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சின்னவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். பெரியவளைக் காணோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முன்னால் கடல், இருபுறமும் படகுகள். மனைவி கையில் இருந்த பையைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் ஓடினாள். நான் பெரியவளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

சின்னவள் மட்டும் பதறவில்லை. என் சட்டையை இழுத்து, "டும்பு, டும்பு" என்றாள்.

"இன்னா சொல்லுது புள்ள?" என்று மீன்கார அம்மா கேட்டார்.

"எதுக்கோ அடியில போயிட்டாளாம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சின்னவள் கை நீட்டிய பக்கம் ஓடினேன். இரண்டாவது படகுக்குப் பின்னால் வலையை மூடியிருந்த தார்ப்பாய் லேசாக அசைந்தது. தூக்கிப் பார்த்தால், பெரியவள் ஒரு பூனைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டியில் திரும்பும்போது மனைவி பெரியவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "உங்களுக்குப் புரிஞ்சுது, சரி. வேற யாரு கையிலயாவது கெடைச்சிருந்தா பேரு சொல்லத் தெரியுமா அதுக்கு?" என்றாள்.

பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னபடி, காலையில் பெரியவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மறுநாள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டோம். "இதைக் கேக்கணுமாண்ணே? எங்க பசங்களுக்கும் லீவுதான். விட்டுட்டுப் போங்க" என்றார். தினமும் காலை மூன்று மணி நேரம் பெரியவள் கீழே, சின்னவள் மேலே. முதல் நாள் இரண்டு தளத்திலிருந்தும் அழுகை. நான் படியில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் கீழே சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், பெரியவள் துண்டுத் துணிகளைத் தரையில் பரப்பிவைத்து அந்தப் பிள்ளைகளோடு கடை நடத்திக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் ஆகியிருக்கும். மதியம் படியேறி வந்தவள் என் முன்னால் நின்று, கணீரென்று, "அத்தா" என்றாள்.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரம்மா அப்படியே நின்றுவிட்டார். "எங்க பசங்க அவங்க அப்பாவ அப்படித்தான் கூப்புடுதுங்க. அவரு சாப்பிட வர்றப்ப அதுங்க ஓடும், இதுவும் கூடவே ஓடும். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார்.

"என்னைப் பாத்துத்தானே கூப்புட்டா?" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் கீழே கற்றதைப் பெரியவள் மதியம் மேலே வந்து சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊசி, நூல், வா, வேணாம். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. இப்படியே ஒரு நாள் அவர்களுடைய முதல் சண்டையும் வந்தது. கீழிருந்து கொண்டுவந்த சிவப்புத் துணித் துண்டு ஒன்றை இருவரும் இழுத்தார்கள். "என்னுது" என்றாள் பெரியவள். "இல்ல, என்னுது" என்றாள் சின்னவள். நான் குறுக்கே போகாமல் நின்று கேட்டேன்.

அன்று மனைவி டியூட்டி முடிந்து வந்ததும் இருவரும் பாய்ந்து, ஒரே நேரத்தில் புகார் சொன்னார்கள். துணி, அடி, அவ, நான் என்று துண்டு துண்டாக, பாதி தமிழும் பாதி அவர்கள் பாஷையுமாக. அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. படியிலேயே உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். யாரும் கேட்கவில்லை.