மேளக்காரரின் மேசை

மகள் கிளாரினெட் வாசிக்கும் குழுவை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீட்டு இசையாம், கிளெஸ்மர் என்று பெயராம். அதற்குள் ஜாஸ் கொஞ்சம், கிளப்புகளில் ஆடுகிற தாளம் கொஞ்சம். ஆறு பேரில் ஒருவரும் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கவில்லை. அழுகிற கிளாரினெட்டுக்குப் பின்னால் டிரம்ஸ் துள்ளியது, செத்த வீட்டில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது போல.

"கணக்கியல் படிச்சுப்போட்டு கலியாண வீடுகளிலை மேளமடிக்கப் போறியோ?" என்றேன்.

"ஓம் அப்பா. நல்லா அடிக்கிறம். வந்து கேளுங்கோ."

மகனின் கல்யாணம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தம்பிக்குப் பரிசாகத் தன் குழு வாசிக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். தாலி கட்டியானதும் அரை மணி நேரம் வாசித்தார்கள். இளையவர்கள் ஆடினார்கள். நான் வாசலில் நின்று, வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அதைச் செய்தேன். நாங்கள் விட்டு வந்த ஊரில், சாதி வழக்கப்படி மேளக்காரருக்குக் கடைசிப் பந்தி, அதுவும் ஒதுக்குப்புறமாக. நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் ஏற்கெனவே சமையலறைப் பக்கம் அனுப்பியிருந்தேன். சாப்பிட வந்த மகளின் குழுவுக்கும் அங்கேயே கை காட்டினேன்.

"மேளக்காரர் அந்தப் பக்கம்."

அவர்களுக்கு விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மகளுக்கு விளங்கியது. அவளும் போனாள். பட்டுச் சேலையோடு, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி காகிதத் தட்டில் சாப்பிட்டாள். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது வரவில்லை.

இரண்டு வருடமாக வீட்டுக்கும் வரவில்லை. கேட்டவர்களிடம் அவளுக்குத் திமிர் என்றேன். தமிழ்க் கூட்டங்களில் சமத்துவம் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் பிளேஸ்டோவில் வாசித்தார்கள். போனேன். அந்த இசை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்ததும் குழு ஒரு மேசையில் சாப்பிட அமர்ந்தது. பக்கத்தில் போய் நின்றேன். டிரம்ஸ்காரர், நான் யாரென்று நினைவில்லாமல், ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மகள் நிமிரவில்லை.

"இது மேளக்காரற்றை மேசை அப்பா. உங்களுக்கு இருக்க ஏலுமோ?"

"ஏலும் பிள்ளை."

உட்கார்ந்தேன். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு, சோற்றுப் பாத்திரத்தை அவள் என் பக்கம் தள்ளினாள்.