மூவாயிரம் வெள்ளியும் ஒரு பொடி எழுத்து வரியும்

2010, ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை 8.20.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்திலிருந்து சிதம்பரம் வண்டி கிளம்பியபோது நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் பை. அதன் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். உள்ளே பாஸ்போர்ட், விமான டிக்கெட்டின் நகல், காசோலைப் புத்தகம், கையெழுத்தாக வேண்டிய ஒரு இன்சூரன்ஸ் படிவம். தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். மீதி நாலு ரூபாயைக் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதி, "எறங்கறப்ப வாங்கிக்கங்க" என்றார். அந்த நாலு ரூபாயின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் பயணத்தை ஆரம்பித்தேன்.

சிங்கப்பூரில் தேய்த்தால் கட்டணம் பிடிக்காத ஒரு வங்கி அட்டை வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம். என் கணக்கு இருக்கும் கடலூர்க் கிளையில் வெளிநாட்டுப் பண வேலை கிடையாது. "பாண்டிச்சேரி போங்க, இல்லாட்டி சிதம்பரம் போங்க" என்று கைகாட்டி விட்டார்கள். பாண்டிச்சேரி பாதி தூரம்தான். ஆனால் சிதம்பரம் போகிற வழியில் புதுச்சத்திரத்தில் அந்தப் படிவத்துக்கு ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது இறங்கிக்கொள்ளலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

நான் பதினெட்டு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாரையும் சட்டென்று நம்பமாட்டேன். காரணம் வேறொன்றுமில்லை, விற்பவர்கள் எப்படி விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படிவத்தை நீட்டும்போது அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மூன்று வருடத்துக்குள் பணம் கட்டுவதை நிறுத்தினால் கட்டியது திரும்ப வராது என்ற வரி. என் இடது கை கட்டைவிரல் அந்த இடத்தில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். பொய் ஒன்றும் சொன்னதில்லை. விரலை எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

இனி அட்டை எதற்கு என்று சொல்கிறேன். என் மகள் சுதா சிங்கப்பூரில் இருக்கிறாள். எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் இருப்பதால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. பிள்ளைத்தாய்ச்சி வர முடியாவிட்டால் தாய்வீடுதான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் முன்பணம் மூவாயிரம் டாலர், எங்கள் பக்கத்தில் சொல்கிறபடி மூவாயிரம் வெள்ளி. சம்பந்தியம்மா போனில், "நீங்க வந்தா போதும் சம்பந்தி, செலவப் பத்தி ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். "அவுங்களே வேணாங்கறாங்க, ஒனக்கென்ன?" என்றார். எனக்கு அந்த வாக்கியத்தின் அடியில் பொடி எழுத்து தெரிந்தது. இன்றைக்கு நினைக்காதீர்கள் என்பவர்கள், பேரப்பிள்ளை காதுகுத்துக்கு, பூணூலோ மஞ்சள்நீரோ எது வந்தாலும் அதற்கு, அப்புறம் அதன் கல்யாணத்துக்கு என்று இருபது வருடம் நினைவுபடுத்துவார்கள். என் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும். அதனால் அந்த மூவாயிரத்தை என் கையால்தான் கட்டுவது என்று வைப்பு நிதியை உடைத்துவிட்டேன். இருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதில் ஓர் அட்டைக்காரன் நாலாயிரத்தைக் கிள்ளினாலும் என் கைச்செலவுக்கு அங்கே நான் மாப்பிள்ளையிடம் போய் நிற்க வேண்டும்.

போன வாரம் பெட்ரோல் பங்க் வாசலில் குடை விரித்து ஒரு பையன் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தான். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி. "வெளிநாட்டுல தேய்ச்சா ஒரு பைசா கட்டணம் கெடையாது மேடம்" என்று நோட்டீஸை நீட்டினான். நான் நோட்டீஸைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலைப் பார்த்தேன். சரியாக அடிமூலையில் இருந்தது. "தம்பி, கொஞ்சம் வெரல எடுப்பா" என்றேன். கட்டணம் இல்லை என்ற வார்த்தைக்கு மேல் ஒரு நட்சத்திரம். அடியில் இருந்த நட்சத்திரத்துக்கு நேரே, அது முதல் வருட ஆண்டுக் கட்டணத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. வெளிநாட்டு விஷயம் அந்தத் தாளிலேயே இல்லை. பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான்.

காலை 8.40. முதுநகர்.

இங்கே என் பக்கத்து இருக்கைக்கு ஒரு பாய் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் மடித்த ஒரு தாள். தொழிற்பேட்டையின் ரசாயன வாடை வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலை இழுத்து மூடினோம். பேச்சு அதில்தான் ஆரம்பித்தது. மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிறேன், அதற்கு அட்டை வாங்கத்தான் இந்தப் பயணம் என்றேன். பரங்கிப்பேட்டைக்காரர். சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். போன மாதம் அங்கே இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருக்கிறார். இங்கே வாங்கிய கார்டைக் கொண்டுபோய்த் தேய்த்திருக்கிறார்.

"கட்டணமே இல்லன்னுதாம்மா குடுத்தாங்க," என்று அந்தத் தாளை விரித்தார். "இப்ப பில்லு வந்திருக்கு. அதக் கேக்கத்தான் கடலூரு போயிட்டு வாறேன். நேத்து தங்கிட்டேன்."

"என்ன சொன்னாங்க பாய்?"

"எல்லாம் ரூல்ஸ்தானாம். மவனுக்கு ஐந்நூறு வெள்ளில ஒரு போனு. நம்ம காசுக்குப் பதினேழாயிரம். இங்க பாரு, கீழ தனியா ஒரு வரி."

பார்த்தேன். வெளிநாட்டுப் பண மாற்றத்துக்கு மூன்றரை சதவீதம், 595 ரூபாய். அதற்குச் சேவை வரி 61. என் மூவாயிரத்துக்கு மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நாலாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"நோட்டீஸப் பாக்காதம்மா, அடுத்தவன் பில்லப் பாரு," என்றார் பாய். "அப்பறம் இன்னொண்ணு. அங்க கடைல மிஷின நீட்டி, ரூவாயா வெள்ளியான்னு கேப்பான். ரூவான்னு சொன்னா நமக்குப் புரியுமேன்னு தோணும். சொல்லிடாத. அவன் வெல வச்சு மாத்துவான், அது இன்னும் ஜாஸ்தி. வெள்ளின்னே சொல்லு."

இவர் எதற்கு எனக்கு இவ்வளவு சொல்கிறார் என்றுதான் முதலில் யோசித்தேன். மகனையோ மருமகனையோ வைத்துப் பணம் மாற்றித் தருகிறேன் என்று கடைசியில் வருவார் என்று காத்திருந்தேன். பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் முனை வந்ததும், "பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும், துவா செய்றேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் இருந்தது.

காலை 9.50. சிதம்பரம்.

நாலு ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். கீழ வீதியில் இரண்டு இட்லி, கத்தரிக்காய்க் கொத்சு, ஒரு காபி. இருபத்தாறு ரூபாய். கொத்சு நன்றாகவே இருந்தது. கோயிலுக்குள் போகவில்லை. பையோடு கூட்டத்தில் நுழைய மனம் வரவில்லை. கீழக்கோபுரத்துக்கு நேரே தெருவில் நின்று, சுதாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டேன்.

வங்கியில் வெளிநாட்டுப் பணம் பார்க்கும் மேசையில் ஒரு பெண் அதிகாரி. சுதா வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கிரெடிட் கார்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். டாலரை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகிற ஓர் அட்டை இருக்கிறது, சிங்கப்பூர் டாலராகவே ஏற்றலாம், அங்கே டாலரில் தேய்த்தால் மேற்கொண்டு பிடித்தம் இல்லை என்றாள். அட்டைக்கு நூற்றைம்பது ரூபாய். நோட்டீஸை நீட்டினாள். நான் வழக்கம்போல அவள் விரலைத் தேடினேன். அடியில் விரல் இல்லை. பேனா முனையை அந்தப் பொடி எழுத்தின் கீழே வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"மேடம், கட்டணம் இல்லன்னு போட்டிருக்கு இல்ல, அத அப்படியே எடுத்துக்காதீங்க. இன்னிக்கு மார்க்கெட் ரேட் முப்பத்துநாலு நாப்பது. நாங்க ஏத்தற ரேட் முப்பத்துநாலு தொண்ணூத்தஞ்சு. டாலருக்கு அம்பத்தஞ்சு காசு எங்களுக்கு வந்துடும். ஏடிஎம்ல பணமா எடுத்தா ஒவ்வொரு தடவையும் ரெண்டு டாலர். மிச்சம் இருந்து திருப்பிக் குடுத்தீங்கன்னா ரேட் கொறைவாத்தான் கெடைக்கும்."

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. விற்க உட்கார்ந்திருப்பவள் தன் லாபத்தைத் தானே எதற்குப் படித்துக் காட்டுகிறாள்? இதைக் காட்டுகிறாள் என்றால் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறாள். பதினெட்டு வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது.

"யோசிச்சுட்டு வர்றேம்மா" என்று வெளியே வந்தேன். அதே தெருவில் பணம் மாற்றும் கடை ஒன்று இருந்தது. நோட்டாக வாங்கினால் முப்பத்தைந்து இருபது என்றான் கடைக்காரன். டீக்கடை ஓரமாக நின்று செல்போனில் கணக்குப் போட்டேன். கிரெடிட் கார்டு என்றால் நாலாயிரம் போகும். நோட்டு என்றால் இரண்டாயிரத்து நானூறு, கூடவே மூவாயிரம் வெள்ளியை மடியில் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். இந்த அட்டை என்றால் ஆயிரத்து எண்ணூறு. மூன்று தடவை போட்டும் அதேதான் வந்தது. கட்டணமில்லாத அட்டை என்று ஒன்று இல்லை என்பது புரிந்தது. எவ்வளவு என்று சொல்கிற அட்டைதான் இருக்கிறது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு ஆச்சரியமில்லை. ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்குக் காசோலை எழுதினேன். ஒட்டிய உறையில் அட்டை வந்தது. "இப்ப இதுல பணம் இருக்காம்மா?" என்றேன்.

"இல்ல மேடம். சாயந்தரத்துக்குள்ள ஏறிடும். மெசேஜ் வரும்."

ஒரு லட்சத்து ஐயாயிரத்தைக் கொடுத்துவிட்டு வெறும் அட்டையோடு வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்யாத காரியம்.

பிற்பகல் 1.45. புதுச்சத்திரம்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்வியின் மாவு மில். நாலு மாதமாக நான் பேசிப் பேசி, அவள் தன் மகள் பேரில் பாலிசி எடுக்க ஒத்துக்கொண்டிருந்தாள். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். எனக்குக் கமிஷன் மூவாயிரம் வரும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அரணாக்கொடியும் கால்காப்பும் அந்தப் பணத்தில்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

செல்வி மிளகாய்த்தூள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படிவத்தை விரித்தேன். என் கட்டைவிரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இன்றைக்கு அதை நானே பார்த்துவிட்டேன். பெட்ரோல் பங்க் பையனின் விரல் மாதிரியே இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. விரலை எடுத்தேன். பேனா முனையை அந்த வரிக்குக் கீழே வைத்து, "செல்வி, இதக் கேட்டுக்க. மூணு வருஷத்துக்குள்ள நிறுத்துனா கட்டுன பணம் திரும்ப வராது" என்று படித்தேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, நாலு மாசமா வர்றீங்க. ஒரு தடவகூட இத படிக்கலியே. இன்னிக்கி மட்டும் ஏன் படிக்கிறீங்க?"

"நீ தெரிஞ்சுக்கணும்ல, அதான்."

"இல்லக்கா," என்று பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். "இதையே படிக்கிறீங்கன்னா, இதவிடப் பெருசா வேற ஏதோ இருக்கு. வீட்டுக்காரரு வரட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்."

நான் காலையில் வங்கியில் நினைத்த அதே வார்த்தைகள். இல்லை செல்வி, நிஜமாகவே வேறு ஒன்றுமில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவள் சந்தேகம்தான் வளர்ந்தது. மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். உண்மையைச் சொல்லியும் ஒருவர் நம்பாமல் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது இப்படி வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பும் வண்டியில் அந்த அதிகாரிப் பெண்ணை நினைத்தேன். துவா செய்கிறேன் என்று இறங்கிப்போன பாயை நினைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது சம்பந்தியம்மா நினைவுக்கு வந்தார். செலவைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொன்னவர், அதைத் தவிர வேறெதையும் நினைக்காமலும் சொல்லியிருக்கலாம். அடியில் வரியே இல்லாமலும் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் இருந்திருக்கலாம்.

மாலை 6.10. வீடு.

செல்போன் ஒலித்தது. அட்டையில் மூவாயிரம் சிங்கப்பூர் டாலர் ஏறிவிட்டது என்று செய்தி. வீட்டுக்காரரிடம் ஒரு தடவை படிக்கச் சொல்லி, நானும் ஒரு தடவை படித்தேன். பிறகு சுதாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு அங்கே இரவு ஒன்பதுக்குப் பக்கமாகி இருந்தது.

"ஆஸ்பத்திரிப் பணம் ஏறிடுச்சு. நானே வந்து தேய்ச்சுக் கட்டறேன். அதுல மாத்தமில்ல," என்றேன். "ஒங்க மாமியார்கிட்ட ஒண்ணு சொல்லு. கொழந்தைக்கு அரணாக்கொடி, கால்காப்பு ரெண்டும் அவுங்க எடுக்கட்டும். அவுங்க இஷ்டத்துக்கு எடுக்கட்டும்."



"ஏம்மா," என்றாள் சுதா மெதுவாக, "இதுல வேற ஏதும் இல்லியே?"

ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.