மட்காட்டுக்கு ஒன்றரைச் சாண்

இரண்டு வருடங்களாக, விடியும் முன் என் கணவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நான் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். அவர் வீடு வீடாகப் பால் எடுத்துச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர். கரியரின் இரண்டு பக்கமும் கம்பியில் கொளுவிய பெரிய பால் கான்கள் தொங்கும். ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால் முதல் வீட்டுக்கு நாலு கிலோமீற்றர். ஒரு பக்கம் இரணைமடு வாய்க்கால், மறுபக்கம் வயல். அந்த நேரத்தில் அந்த வீதியில் ஓடுகிறவை பெரும்பாலும் மண் ஏற்றும் டிப்பர்கள்தான். அந்த நாலு கிலோமீற்றருக்கும் அவருக்குப் பின்னால் என் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவே போனேன். அவரிடம் சொன்ன காரணம் வேறு. சந்திக்குப் பேப்பர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இது ஒரு தை மாதக் காலையில் தொடங்கியது. அன்று உண்மையாகவே ஒரு வேலையாகச் சந்திக்குப் போனேன். நல்ல பனிமூட்டம். வாய்க்கால் வளைவில் திரும்பும்போது எனக்கு முன்னால் கறுப்பாக ஏதோ ஒன்று நின்றது போல் இருந்தது. பிறேக் பிடித்தேன். பத்தடி தூரத்தில் என் கணவர் போய்க்கொண்டிருந்தார்.

அவருடைய பின் லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. குறை அதில் இல்லை. கான்கள் இரண்டும் பின்சில்லை மூடும் மட்காட்டின் நுனியையும் தாண்டிப் பின்னுக்கு நீண்டிருந்தன. லைற் அவற்றுக்கு நடுவே, இரண்டு மதிலுக்கு இடையில் ஏற்றிய விளக்குப் போல உள்ளே இருந்தது. நேர் பின்னால் வருகிறவருக்கு மட்டும் ஒரு சிவப்புப் பொட்டுத் தெரியும். கொஞ்சம் சரிந்து வந்தால் அதுவும் இல்லை. சிக்னல் லைற்றுகள் இரண்டும் கான்களுக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்திருந்தன.

நான் பல வருடம் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தவள். 'பின்னால் வந்த டிப்பர் மோதியதில்' என்ற வசனத்தை எத்தனை தடவை எழுதி அனுப்பினேன் என்று எண்ணி வைக்கவில்லை. பெயரும் வயதும் ஊரும் மாறும், வசனம் மாறாது. கடைசி வரியில், மோட்டார் சைக்கிளின் பின்புற வெளிச்சம் தெரியவில்லை என்று எழுதுவேன். இடம் போதாத நாட்களில் ஆசிரியர் பீடத்தில் வெட்டுவதும் அந்தக் கடைசி வரியைத்தான்.

அதனால் மறுநாள் தொடக்கம் பேப்பர் எடுக்கப் போனேன்.

போன வருடம் மகளுக்கு முதல் பிள்ளை கிடைக்க இருந்தது. அவள் வவுனியாவில் இருக்கிறாள். மார்கழி பிறக்கும்போது போய், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை நான் அங்கே நிற்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள் இடித்து, பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தேன். எல்லாம் ஆயத்தம். ஆனால் அந்த மூன்று மாதமும் பனி மாதங்கள். அவருக்குப் பின்னால் யார் போவது?

ஒரு காலை அவர் பால் கொடுத்துவிட்டு வந்து கிணற்றடியில் கான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சருங்கோ, அந்தப் பின் லைற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினால் என்ன?"

"ரண்டு வருஷமா ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"அது நான் பின்னாலை வந்தபடியால்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அவர் கானைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார்.

"பேப்பர் கொண்டு வாற பஸ் ஏழு மணிக்குத்தான் வாறது எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

"தெரிஞ்சால் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் வாறதை நிப்பாட்டிப்போடுவீர்."

அடுத்த கானை எடுத்து உள்ளே கையை விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். அவருடைய முகம் கானுக்குள் இருந்தது.

அன்று பத்து மணிக்கே சந்தியில் உள்ள கராஜுக்குப் போனோம். அங்கே வேலை செய்கிறவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணை, எல்லாரும் மட்காட்டை வெட்டக் கொண்டு வருவினம். நீட்ட வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"எனக்குப் பின்னாலை வாறவன் ஸ்ரைல் பாக்கத் தேவையில்லை, தம்பி. ஆள் இருக்கெண்டு தெரிஞ்சால் போதும்."

"அக்கா சொல்லித் தந்து கூட்டி வந்தவா போலை."

கொட்டிலின் பின்பக்கம் எங்களைக் கூட்டிப்போனார். இளம் பெடியள் புது பைக் வாங்கியவுடன் வெட்டிக் கழற்றிய மட்காட் வால்கள் அங்கே குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் நம்பர் பிளேற் பூட்டுகிற துளைகளோடும் சிவப்பு லைற்றோடும் ஒவ்வொரு திசையைப் பார்த்தபடி கிடந்தது. பல லைற்றுகளில் கடையில் ஒட்டிய பொலித்தீன்கூட உரிக்கப்படவில்லை. அவர் கிளறி, அகலமான கறுப்புப் பிளாஸ்ரிக் வால் ஒன்றை இழுத்தெடுத்தார்.

"இது ஒரு மாசம்கூட ஓடாத பைக்கின்ரை. விட்டிட்டுப் போங்கோ, நாளைக்குப் பூட்டித் தாறன்."

"நாளைக்கு விடியப் பால் இருக்கு," என்றார் என் கணவர். "வீட்டிலை பாக்கிறம்."

எங்களுக்கு அடுத்த நாள் விடியும்வரை நேரம் இருந்தது. வீட்டுத் தகரக் கொட்டிலில் மோட்டார் சைக்கிளை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கான்களைக் கொளுவி, அவை மட்காட்டைத் தாண்டி நீண்ட அளவை எடுத்தோம். நான் தையல் நாடாவைப் பிடித்துப் பதின்மூன்றரை அங்குலம் என்றேன். அவர் கையை விரித்து வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றரைச் சாண் என்றார். இரண்டும் ஒன்றுதான். பழைய லைற்றையும் நம்பர் பிளேற்றையும் கழற்றினார். நட்டுகள் துருப்பிடித்திருந்தன. இரண்டு நட்டு ஸ்பனருக்கு மசிந்தன, மூன்றாவதை இரும்பு வாளால் அறுக்க வேண்டியிருந்தது. தகர மட்காட்டின் நுனியை அரத்தால் ராவி, பிளாஸ்ரிக் வாலை அதற்குக் கீழே ஒரு கையகலம் உள்ளே விட்டு, நாலு துளை போட்டுப் பூட்டினார். ஒவ்வொரு துளையிலும் பழைய ரியூப்பில் வெட்டிய ரப்பர் வட்டம் ஒன்று. அகலப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, சிக்னல் லைற்றுகளைக் கான்களுக்கு வெளியே தெரியும்படி இரண்டு நுனியிலும் பூட்டினோம்.

வயர் வேலை என்னுடையது. அவருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை, கண்ணாடி எப்போதும் வேறு எங்கோ இருக்கும். தினமும் கான் கழுவிய தண்ணீர் வடிந்து வயர்கள் எல்லாம் ஒரே மண் நிறத்தில் இருந்தன. பூட்டிய வாலைத் திரும்பக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகச் சுரண்டித் திரித்து கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். அவர் பகலிலும் ரோச் வெளிச்சம் பிடித்தார்.

"ரோச்சை என்ரை கையிலை பிடியுங்கோ, முகத்திலை இல்லை."

"நீர் சரியாச் செய்யிறீரோ எண்டு பாத்தனான்."

பூட்டி முடித்து அவர் ஏறி இருந்து இடது சிக்னலைப் போட்டார். பின்னால் நின்ற எனக்கு வலது பக்கம் மின்னியது. வலதைப் போடச் சொன்னேன். இடது மின்னியது. வாலைக் கவிழ்த்து மடியில் வைத்ததில் இடமும் வலமும் எனக்கு மாறிவிட்டது.

"இருவது வருஷம் பேப்பருக்கு எழுதின ஆள்," என்றார். "வட்டக்கச்சியிலை நடந்ததை முல்லைத்தீவிலை நடந்ததெண்டு எத்தினை தரம் எழுதினீரோ!"

"ஒருக்கா. அடுத்த நாள் திருத்தம் போட்டனாங்கள்."

"விடும். நான் திரும்பேக்கை கை காட்டுறனான்தானே."

"கை ஒரு பக்கம், லைற் ஒரு பக்கம். பின்னாலை வாறவன் எதை நம்புறது?"

மறுபடி கழற்றி இரண்டு வயர்களை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

அடுத்த நாள் பின்னால் போய்ப் பார்த்தேன். தார் வீதியில் நன்றாகத் தெரிந்தது. கிரவல் கல் போட்ட பகுதிக்கு வந்ததும் வால், பஸ்ஸில் நித்திரை தூங்குகிறவரின் தலையைப் போல மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. மூன்றாம் நாள் பிளாஸ்ரிக்கில் ஒரு துளையிலிருந்து வெடிப்பு ஓடியது. லைற் விட்டு விட்டு எரிந்தது. அவர் எங்கிருந்தோ ஒரு பட்டை இரும்பு கொண்டுவந்து வளைத்து, வாலின் நுனியைக் கரியரோடு சேர்த்துக் கட்டினார். பிறகு தண்ணீர் நிரப்பிய கான்களோடு கிரவல் வீதியில் நாலு தரம் போய் வந்தார். ஆடவில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"நான் இல்லாத நேரம் வேகமா ஓட மாட்டியள்தானே?"

"நீர் பின்னாலை வாறீர் எண்டுதான் முப்பதிலை ஓடினனான். உம்மடை ஸ்கூட்டி அதுக்கு மேலை இழுக்காது."

"அப்ப நான் வராட்டில்?"

"முப்பதே பழகிப்போச்சு," என்றார். குழம்பை இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நான் வவுனியாவுக்குப் போவதற்கு முதல் நாள் காலை நல்ல பனி. வழக்கம் போல் பின்னால் போனேன். வாய்க்கால் வளைவுக்கு முன்னால் ஒரு மதகு இருக்கிறது. அதன் கட்டோரம் ஸ்கூட்டியை ஏற்றி நிறுத்தி, லைற்றை நூர்த்து எஞ்சினையும் நிறுத்தினேன். என் வெளிச்சம் இல்லாமல் அவர் எவ்வளவு தூரம் தெரிகிறார் என்று பார்க்க வேண்டும். அதை அறியாமல் பஸ் ஏற எனக்கு விருப்பமில்லை.

சிவப்பு லைற் தூரப் போனது. வீதியோரத்து மின்கம்பங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதிலும் தெரிந்தது. பின்னால் டிப்பர் ஒன்றின் சத்தம் கேட்டது. காற்று முகத்தில் அடிக்க அது என்னைக் கடந்து போனது. நான் ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவுக்குக் கிட்ட டிப்பரின் சத்தம் மாறியது. கியர் குறைத்து, வலப் பக்கம் ஒதுங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அது போன பிறகு பார்த்தேன். வளைவில் அவர் திரும்பும்போதும் அந்தச் சிவப்பு மறையவில்லை. கானுக்கு வெளியே, சரிந்த கோணத்திலும் தெரிந்தது.

அப்போது சிவப்பு திடீரென்று கூடியது. பிறேக். பிறகு சிவப்பே இல்லை, வெள்ளை வெளிச்சம் ஒன்று என்னை நோக்கி வந்தது. முப்பதை விட நல்ல வேகத்தில் வந்தது. வெறும் கான்கள் கம்பியில் அடிபடும் சத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

"விழுந்திட்டீரோ?" ஸ்ராண்டைக்கூடப் போடாமல் கேட்டார். குரல் அவருடையதைப் போல இல்லை.

"இல்லை. லைற்றை நூத்துப்போட்டு உங்கடை லைற்றைப் பாத்தனான்."

"சொல்லிப்போட்டு நூத்தால் என்ன? டிப்பர் போனது, பிறகு பக்கக் கண்ணாடியிலை பாத்தால் உம்மடை வெளிச்சத்தைக் காணேல்லை."

இரண்டு வருடமும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லாத் தெரியுது," என்றேன். "வளைவிலையும் தெரியுது. டிப்பர்காரன் தூரத்திலையே கண்டிட்டான்."

அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

"சரி. இப்ப உம்மடை லைற்றைப் போடும். நான் வளைவு கடக்கும் மட்டும் நூக்க வேண்டாம்."

"உங்கடைதான் தெரியுதெண்டு சொல்லுறன்."

"எனக்கு உம்மடை தெரிய வேண்டாமோ?"

எஞ்சினை ஸ்ராட் பண்ணி லைற்றைப் போட்டேன். அவர் போனார். ஒன்று, இரண்டு, மூன்று கம்பம், பிறகு வளைவு. இடது சிக்னல் சரியாக இடது பக்கம் மின்னியது. அதோடு கையையும் காட்டினார். சிவப்பு வயல் பக்கமாக மறைந்த பிறகும் நான் லைற்றை நூர்க்காமல் நின்றேன். அன்றைக்கு முதல் வீட்டில் கறந்த பால் பத்து நிமிடம் காத்திருந்தது.