எலிக்குப் போட்ட ஊசி

ராசிங்காபுரத்தில் என் மாமனார் ராக்கையா என்னை "மருந்து கண்டுபிடிக்கிற மாப்ளே" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். நானும் மறுத்ததில்லை. உண்மையில் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பல வருஷமாக எலி மூத்திரம் பிடிக்கிறேன். புதிதாக வரும் ஆன்டிபயாட்டிக் மருந்தை எலிக்குப் போட்டு, எந்த அளவில் அதன் கிட்னி கெடுகிறது என்று பார்ப்பது என் வேலை. பெண் பார்க்கப் போனபோதே இதைச் சொல்லியிருந்தால் தமிழ்செல்வி கிடைத்திருக்க மாட்டாள்.

போன மாதம் லீவில் வந்தவன், சும்மா இருக்காமல் மாமனாரோடு போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போனேன். அங்கே அரிவாளை வாங்கி, பெரிய தோட்டக்காரன் மாதிரி வீசி, என் கணுக்காலையே வெட்டிக்கொண்டேன். இரண்டே நாளில் காய்ச்சல். கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர், "கிருமி ரத்தத்துல ஏறுது. லேட் பண்ணினா காலுக்கே ஆபத்து" என்று ஒரு ஊசி எழுதினார். பெயரைப் பார்த்ததும் எனக்குக் குப்பென்று வேர்த்தது. புது மருந்தோடு ஒப்பிடுவதற்காக, கிட்னி கெடட்டும் என்றே நாங்கள் எலிக்குப் போடும் பழைய மருந்து அது.

என் எலி வேலையைச் சொல்லி, கிட்னியைப் பற்றி டாக்டருக்கே பாடம் எடுத்தேன். "நீங்க எலிக்குப் போடுறதுல இது ஒரு துளி. ரத்தத்தை டெஸ்ட் பண்ணிக்கிட்டேதான் போடுவோம். இந்தக் கிருமிக்கு இதுதான் கேக்கும்" என்றார் பொறுமையாக.

நர்ஸ் தேவகிருபை ஊசியோடு வந்தாள். நான் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டேன். எங்கள் எலிகளே இதைவிட மரியாதையாக நடந்துகொள்ளும்.

"இந்த ஊசியத்தான் எலிக்குப் போடுவீகளா?" என்றாள், கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தமிழ்செல்வி.

"ஆமா."

"எதுக்கு?"

"எந்த மருந்த மனுசனுக்கு எம்புட்டு போடலாம்னு தெரியணும்ல."

"அந்த எலியெல்லாம் பொழைச்சிரும்ல?"

"இல்ல. மருந்தே போடாத எலியையும் சேத்து அறுத்துத்தான் பாப்போம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காகவா, எலிகளுக்காகவா, தெரியவில்லை.

"அம்புட்டு உசுர எடுத்து ஒரு அளவக் கண்டுபிடிச்சிட்டு, அத நீங்களே நம்பலேன்னா, அதுகள எதுக்குக் கொன்னீக?"

இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னைக் கேட்காத கேள்வி. வெட்கமாக இருந்தது. பயமும் போகவில்லை. கையை வெளியே நீட்டினேன்.