தம்பியின் இணைச்சீருக்கு ஒரு ஜம்ப் சீட்

எண்பதுகளின் கடைசியில் நான் வெளிநாடு போகும் விமானங்களில் துணை விமானி. ஊர் நாமக்கல் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். வேலை கிடைத்தபோது ஊரே வாயைப் பிளந்தது, அம்மாவைத் தவிர. "நல்லது பொல்லதுக்கு வந்து நிக்க முடியாத வேலை என்ன வேலை?" என்றாள். "எல்லாத்துக்கும் வந்து நிப்பேன், பாத்துக்கிட்டே இரு" என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கும் போகவில்லை, மாரியம்மன் நோம்பிக்கும் போகவில்லை.

அப்புறம் தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்யவேண்டிய சீர் ஒன்று உண்டு. இணைச்சீர் என்போம். கூறைச் சேலையின் ஒரு நுனியைத் தம்பியும் மறு நுனியை அக்காவும் பிடித்திருக்க, அருமைக்காரர் என்கிற பெரியவர் அதை நடத்திவைப்பார். பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் பாத்தியதை போகாது என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்வார்கள்.

"உன்னைய நம்பி உக்காந்திருக்க முடியாது சாமி. பெரியப்பன் மவளுக்குச் சீலை எடுத்து வெச்சிருக்கறேன். நீ வரலீன்னா அவ நிப்பா" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. என் தம்பிக்கு இன்னொருத்தி அக்காவா? தலைகீழாக நின்றாவது போய்விடுவது என்று முடிவு பண்ணினேன்.

சிங்கப்பூர் போய்த் திரும்பினால் அதிலிருந்து லீவு. போன இடத்தில், நாங்கள் திரும்ப வேண்டிய விமானத்தில் கோளாறு. உதிரிபாகம் வந்தால்தான் கிளம்புமாம். மறுநாள் விடிந்தால் கல்யாணம். அன்றைக்கு மெட்ராஸ் போகும் எங்கள் கம்பெனியின் இன்னொரு விமானத்தில் ஒரு சீட்கூடக் காலியில்லை. பாக்கி இருந்தது ஜம்ப் சீட்தான். விமானிகளின் அறையில் கேப்டனுக்குப் பின்னால், சுவரோடு மடிந்திருக்கும் சின்ன இருக்கை அது. எங்களை மாதிரி விமானிகள் அவசரத்துக்கு அதில் ஒட்டிக்கொண்டு போவோம். கேப்டன் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

யூனிஃபார்மோடு போய்க் கேட்டேன். கேப்டன் மெட்ராஸ்காரர், என்னைவிட ரொம்ப சீனியர். தலையை நிமிர்த்தாமலே, "ஆம்பளைன்னா ஏத்திக்குவேம்மா. பொம்பளை பின்னாடி உக்காந்திருந்தா நாங்க சகஜமா ஒரு வார்த்தை பேச முடியாது" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து ஒரு பிளேனை நிறைய ஜனங்களோட இங்க கொண்டாந்து இறக்கினதுல நானும் ஒருத்தி சார். இன்னிக்குச் சும்மா உக்காந்து வரக்கூட லாயக்கில்லையா? நீங்க என்ன வேணாலும் பேசிக்குங்க, நான் காதைப் பொத்திக்கறேன். ஆனா போகாம இருக்க மாட்டேன்."

"அப்படி என்ன தலை போற அவசரம்?"

சொன்னேன். இணைச்சீர், பெரியப்பா மகள், அம்மா எடுத்து வைத்த சேலை, எல்லாம் ஒரே மூச்சில். அழுதுவிடுவேனோ என்று எனக்கே எரிச்சல். அவர் துணை விமானியைப் பார்த்தார், அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "உக்காரு, உக்காரு. பெல்ட்டைப் போடு" என்றார் கேப்டன்.

அவர் வங்காள விரிகுடா முடியப்போகிற சமயத்தில் தன் பிஸ்கட் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார். வாங்கித் தின்றேன், நல்ல பசி.

மெட்ராஸில் இறங்கி, ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே சேலம் வந்தபோது விடிந்திருந்தது. நாமக்கல் பஸ் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. ரோட்டில் நின்று ஒரு லாரிக்குக் கை காட்டினேன். டிரைவர் என் தோள்பட்டைக் கோடுகளை மேலும் கீழும் பார்த்தார். "போலீசுங்களா?"

"இல்லீங்கண்ணா, ஏரோப்பிளேன் ஓட்டறனுங்க. தம்பி கண்ணாலத்துக்குப் போவோணும்."

"அட! ஏறுங்க அம்மிணி, ஏறுங்க. வெரசாப் போலாம்" என்று கதவைத் திறந்துவிட்டார். புதுச்சத்திரம் தாண்டி எங்கள் ஊர் ரோடு பிரிகிற இடத்தில் இறங்கி, பெட்டியும் கையுமாக ஓடினேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது பெரியப்பா மகள்தான். புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றிருந்தாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வந்துட்டியா, மவராசி!" என்றாள் அவள். "அப்பப் புடிச்சு சின்னம்மா என்னைய இப்பிடியே நிக்க வெச்சிருக்கறாங்க. பூ வரட்டும்ங்கறாங்க, வெளக்குக்கு எண்ணெ வரட்டும்ங்கறாங்க. அருமைக்காரரு சத்தம் போடறாரு."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கக்கத்தில் இடுக்கியிருந்த இன்னொரு புதுச் சேலையை உதறி, யூனிஃபார்முக்கு மேலேயே எனக்குச் சுற்ற ஆரம்பித்தாள். கொசுவத்தைச் செருகி, இழுத்துக்கொண்டு போய்த் தம்பி பக்கத்தில் நிறுத்தினாள்.

கூறைச் சேலையின் நுனி என் கைக்கு வந்தது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, கீழ பேண்டு தெரியுது" என்று கிசுகிசுத்தான்.

"தெரியட்டும்டா" என்றாள் அம்மா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."