ஷட்டருக்கு வந்த வரி

எங்கள் பக்கத்தில் ரோட்டைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் முன்னால் ஒரு அறை எடுத்து, அதற்கு ஒரு இரும்பு ஷட்டரும் போட்டுவிடுவார்கள். என்ன கடை, யார் நடத்துவார்கள், வாங்க ஆள் வருமா என்று எவரும் கேட்பதில்லை. கரிசல் மண்ணில் அஸ்திவாரத்துக்கே பாதிப் பணம் போய்விடுகிறது. போட்ட பணத்தில் கொஞ்சத்தையாவது அந்த முன்னறை மீட்டுத் தரும் என்று ஒரு நப்பாசை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் பார்க்கலாம், ஊருக்கு ஊர் மூடிக் கிடக்கும் ஷட்டர்களை. மேலே காதுகுத்து போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் ஒட்டியிருக்கும். உள்ளே பழைய கட்டிலும் உடைந்த சைக்கிளும் கிடக்கும்.

எங்கள் வீட்டு ஷட்டரை வைக்கச் சொன்னது என் மனைவி. அவள் தையல்காரி. தெருவில் பாதிப் பேர் உடுத்தியிருக்கும் ரவிக்கை அவள் கையால் தைத்ததுதான். அடுப்படிக்கு அடுத்த அறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். வீடு கட்டும்போது, முன்னால் ஒரு ரூம் எடுங்கள், தையல் கடை வைக்கிறேன் என்றாள். எடுத்தேன். அப்புறம் மகளின் படிப்பு வந்தது, அவள் கல்யாணம் வந்தது, எனக்கு முதுகில் ஆபரேஷன் வந்தது. தை பிறந்தால் திறக்கலாம் என்று சொல்லி, ஒவ்வொரு தையும் அடுத்த தைக்குத் தள்ளிப் போனது. நடுவே ஒரு கோடையில் மண் வெடித்து ஒரு பக்கத் தூண் லேசாகச் சாய்ந்து, ஷட்டர் ஓடுகிற தடம் நெருக்கிக்கொண்டது. அதிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் அது ஏறாது. வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்கு ஒரு கதவு இருந்ததால் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். கடைப் பேச்சை அவளும் எடுப்பதில்லை.

வீட்டு வரியை மறுபடியும் கணக்குப் போட்டுப் புது ரசீது வந்த வருடம்தான் இந்தச் சனியன் ஆரம்பித்தது. எல்லோருக்கும் கூடியிருந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கூடியிருந்தது. நான் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவன். ஒரு ரூபாய் கூடப் பிடித்தாலும் சம்பளச் சீட்டோடு ஆபீசில் போய் நிற்கிற ஆள். அடுத்த வீட்டில் இருப்பவர் பலசரக்குக் கடை பாய். அவருடைய வீடு என் வீட்டைவிடப் பெரியது, மாடி வேறு. ஆனால் அவருடைய வரி என்னுடையதைவிடக் குறைவு. ரசீதை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

பாய் என் ரசீதை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க முன் ரூம வணிகம்னு போட்டிருக்காவ. எனக்குக் கடை பஜார்ல இருக்கு, வீடு வீடாத்தான் இருக்கு. உங்களுக்கு வீட்டுக்குள்ள கடை இருக்குன்னு கணக்கு."

"கடை எங்க பாய் இருக்கு?"

"ஷட்டர் இருக்குல்லா."

மறுநாளே லீவு போட்டுவிட்டு வரி ஆபீசுக்குப் போனேன். அந்தப் பிரிவைப் பார்க்கிற அம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. அந்தப் பொறுமையே என் கோபத்தைக் கிளப்பியது. எதிரில் இருப்பவரும் கத்தினால் நமக்கும் கத்த வசதியாக இருக்கும். அவர் உட்காரச் சொல்லி, வரி எப்படி விழுகிறது என்று சொன்னார். தெரு எந்த வகை, கட்டிடம் எத்தனை சதுர அடி, மேலே கான்கிரீட்டா ஓடா தகரமா, கட்டி எத்தனை வருடமாயிற்று, உள்ளே குடியிருப்பா கடையா, இருப்பது சொந்தக்காரரா வாடகைக்காரரா. இதையெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறேன், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கேட்ட தொகையைக் கட்டுவது, வெளியே வந்து திட்டுவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வரி.

குறைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. சொந்த வீட்டில் நாமே குடியிருந்தால் அதற்குக் குறைவு. கட்டிடம் பழசாக ஆக ஒரு கழிவு. அரையாண்டு பிறந்த முதல் மாதத்துக்குள் கட்டிவிட்டால், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ, ஐந்து சதவீதம் தள்ளுபடி. நான் எப்போதும் கடைசி நாளில் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறவன். அந்தத் தள்ளுபடியை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. கட்டிடம் காலியாகக் கிடந்தால் அதற்கும் ஒரு கழிவு கேட்கலாமாம். ஆனால் பூட்டிக் கிடக்கிறது என்று அந்தந்த அரையாண்டிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், போன காலத்துக்கு இப்போது வந்து கேட்க முடியாது.

பூட்டிக் கிடப்பதை யாராவது போய் எழுதிக் கொடுப்பார்களா? திறந்தால் சொல்வார்கள், திறக்காததை எவன் சொல்வான்? இதைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, முன்னறை குடியிருப்புதான், மாற்றிக் கொடுங்கள் என்று மனு எழுதச் சொன்னார். நேரில் பார்த்துவிட்டு மாற்றலாம் என்றார்.

மனு கொடுத்தது தை மாதம். அதன்பிறகு ஷிப்டு முடிந்து வருகிற வழியில் அந்த ஆபீஸ் படி ஏறுவதே எனக்கு ஒரு வேலையாகப் போயிற்று. மார்ச் நெருங்க நெருங்க அங்கே எல்லோரும் வசூலில் மும்முரம், மனுவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. போகிற போதெல்லாம் அதே கவுண்டரில் நின்று அதே வசனத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டில் கடை இல்லை மேடம், அது வெறும் ரூம் மேடம். கேட்டுக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசியில் ஒருநாள், நாளைக்குப் பார்க்க வருகிறோம் என்றார்கள். வீட்டுக்குப் போய் அறையைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றியது. எப்போதும்வென்றான் கிராமத்தில் இருக்கும் என் மச்சான், அன்று பகலில்தான் டிராக்டரில் உளுந்து மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறாராம். போன் போட்டால், நாளைக்கு வண்டி கிடையாது மாப்பிள்ளை, ரெண்டு நாள் பொறுங்க என்கிறார். பொறுக்கலாம், வரி ஆபீஸ் பொறுக்குமா?

மறுநாள் அந்த அம்மா வந்தார். ஷட்டரைத் தூக்கிப் பார்க்க முயன்றார், அது முழங்காலில் நின்றுகொண்டது. வீட்டு வழியாக உள்ளே கூட்டிப் போனேன். மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கடை இல்லன்னு சொன்னீங்க, சரி. இது சரக்கு அடுக்குற கிட்டங்கியில்லா?"

"மச்சான் உளுந்து மேடம். ரெண்டு நாள்ல போயிரும்."

"போகட்டும். ஆனா ஷட்டர் இருக்க வரைக்கும் நாளைக்கு வேற மூட்டை வரும். நான் என்னன்னு எழுத?"

எனக்கு மச்சான் மீது கோபம், ஷட்டர் மீது கோபம், அந்த அம்மா நியாயமாகப் பேசியதில் இன்னும் கோபம். கிளம்பும்போது அவரே ஒரு வழி சொன்னார். மூட்டைகளை எடுத்துவிட்டு, ஷட்டரைக் கழற்றி, செங்கல் வைத்து அடைத்து, ஒரு ஜன்னல் வைத்துவிடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் குடியிருப்பாக மாற்றித் தருகிறேன், அப்புறம் எவரும் கேட்க மாட்டார்கள் என்றார். என் மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள், டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

மூட்டைகள் போயின. செங்கல் வந்து இறங்கியது. ஏப்ரல் பிறந்துவிட்டது, அந்த ஐந்து சதவீதத்தையும் சேர்த்து அடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் சிமெண்டையும் மணலையும் கலந்து தண்ணீர் ஊற்றும்போது என் மனைவி கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு வெளியே வந்தாள். ரோட்டில் நின்று ஷட்டரைப் பார்த்தாள்.

"அடைக்கத்தான் போறீங்களா?"

ஆமாம், வேறு என்ன செய்யச் சொல்கிறாய், திறக்காத கடைக்கு ஆயுசுக்கும் வரி கட்டச் சொல்கிறாயா என்று நான் பொரிந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இத்தன வருசத்துல இத கடைன்னு சொன்னது அந்த வரி ஆபீசுக்காரவிய மட்டுந்தான். நீங்க போயி இல்ல, இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வருதீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அழவும் இல்லை. டேப்பைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வாயில் வந்து நின்ற ஏச்சு அப்படியே உள்ளே போனது. யார் மீது கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது, இன்றைக்கும் அதற்கு ஆள் கிடைக்கவில்லை. கவுண்டரில் நின்று நான் எத்தனை தடவை இல்லை என்றேனோ, அத்தனையும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கொத்தனார் கரண்டியைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கலந்துட்டேன். கலவை இறுகிரும். என்ன செய்ய?"

என் மனைவிதான் கையால் காட்டினாள், தூணுக்கும் ஷட்டர் தடத்துக்கும் நடுவே மண் வெடித்து விட்டிருந்த பிளவை. அவர் தடத்தைக் கழற்றி, தூணைக் கொத்தி, நூல் பிடித்து நேராக நிறுத்திப் பூசினார். இறக்கிய செங்கல் வாசலில் அப்படியே கிடந்தது. அதைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சூளைக்காரர் சொன்னது தனிக்கதை. பூச்சு காய்ந்த பிறகு ஷட்டரை இரண்டு பேராகத் தூக்கினோம். நடுவில் ஒரு தடவை முரண்டு பிடித்து, பிறகு தலைக்கு மேல் போய் நின்றது. ரோட்டு வெளிச்சம் முழுசாக உள்ளே விழுந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த மெஷினை அன்று சாயங்காலமே அவள் முன்னறைக்கு நகர்த்திவிட்டாள், எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் வரி கட்டப் போனேன், அதே கவுண்டர்தான். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும் அந்த அம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடை ரேட்டுக்கே பணத்தை எடுத்து வைத்தேன். ஐந்து சதவீதம் கழித்தார், இத்தனை அலைச்சலில் எனக்குக் கிடைத்த சலுகை அது ஒன்றுதான்.

"இவ்வளவு நாள் அங்கன ஒண்ணும் இல்லன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னீங்களே அண்ணாச்சி. இப்ப எதுக்குக் கடை வரி கட்டுதீங்க?"

பக்கத்து மேஜைக்காரரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கன கடை இருக்கு மேடம்" என்றேன்.